அப்பத்தாக்களின் சாயங்காலம்

திருச்சியில் பஸ் ஏறி, ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். கீரனூர் தாண்டியதும் நார்த்தாமலைக் குன்றுகள், யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பதுபோல் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கையில் புதுக்கோட்டை வந்துவிடும்.

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசல் ஓவியமும், குடுமியான்மலை சங்கீதக் கல்வெட்டும், திருமயம் கோட்டையும் உங்களுக்கு ஞாபகம் வரும். அவற்றைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. கல்லும் கோட்டையும் இன்னொரு நாள் நமக்காகக் காத்திருக்கும். இன்று நான் உங்களை அழைத்துப் போவது, காத்திருக்க முடியாதவர்களைப் பார்க்க. அந்த ஊர்ப்பக்கத்துக் கிழவிகளைத்தான் சொல்கிறேன்! அப்பாவைப் பெற்றவள் அங்கே 'அப்பத்தா'. அம்மாவைப் பெற்றவள் 'அம்மாயி'. சொல்லிப் பாருங்கள், வாய்க்கு இதமாக இல்லையா?

தொண்டைமான் ராஜாக்கள் ஆண்ட சமஸ்தானம் இது. நவராத்திரி வந்தால் ஜனங்களுக்கு அரிசியோடு ஒரு குட்டிச் செப்புக் காசும் கொடுப்பார்கள். 'அம்மன் காசு' என்று அதற்குப் பெயர்; பிருகதாம்பாள் உருவம் பொறித்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதி ஆயிற்று. 1974 பொங்கலன்று தனி ஜில்லாவானது. சரித்திரம் இவ்வளவு போதும். டவுன் பஸ் புறப்படப் போகிறது, ஏறுங்கள்.

கிழக்கே ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் என்று போகும் பாதையில் மண் செக்கச் செவேல் என்று இருக்கும். பலாவும் தென்னையும் பூந்தோட்டமும் நிறைந்த பூமி. 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் 'கஜா' புயல் வந்து அந்தத் தென்னைகளையும் பலாக்களையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. பிள்ளையைப்போல் வளர்த்த மரங்கள். இப்போது மறுபடி கன்று வைத்து வளர்த்திருக்கிறார்கள். ஆடி மாதம் போனீர்களானால் ஊருக்கு ஊர் பந்தல் போட்டு மொய் விருந்து நடக்கும். இந்தச் சீமையில் உதவி என்பது நோட்டுப் போட்டு எழுதிவைக்கும் சமாசாரம். இன்றைக்கு நீ ஐயாயிரம் வைத்தால், உன் முறை வரும்போது நான் அதற்குமேல் வைக்கவேண்டும். கணக்கு தப்பாது.

அந்த மொய் நோட்டில் எழுத முடியாத ஓர் உதவியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கீரமங்கலம் போகும் பாதையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு சின்னக் கிராமம். பகல் பதினொரு மணிக்கு அங்கே இறங்கினால், ஊரே துயில் கொண்டதுபோல் இருக்கிறது. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். மருமகள்கள் வயலிலோ, டவுனில் வேலையிலோ. ஆண் பிள்ளைகளைக் கேட்டால் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று பூகோளப் பாடம் நடத்துகிறார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கில் இந்த ஜில்லாவில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள். ஆண்கள் சம்பாதிக்க வெளியே போய்விட்டார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதற்குமே 2021-ல் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குமேல் அறுபது வயது கடந்தவர்கள் என்று சர்க்கார் மதிப்பீடு சொல்கிறது. பெரிய மாகாணங்களில் கேரளத்துக்கு அடுத்த ஸ்தானம் நமக்கு.

பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று அவசரப்பட்டு எண்ணிவிடாதீர்கள். பணம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் பேரனின் முகமே வருகிறது. சர்க்கார் முதியோர் பென்ஷனும் உண்டு. 1962-ல் தமிழ்நாட்டில் அது ஆரம்பித்தபோது மாதம் இருபது ரூபாய். 2023-ல் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். அரிசிக்குக் கவலை இல்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மட்டும் ஆள் இல்லை.

முன்பு திண்ணை இருந்தது. தெருவில் போகிற வருகிறவர்களிடம் "யாரு, இன்னார் மகனா? எங்கிட்டுப் போற?" என்று விசாரித்தே ஒரு நாளைக் கழித்துவிடலாம். இப்போது கட்டுகிற வீடுகளில் திண்ணை இல்லை. இரும்பு கேட்டுத்தான் இருக்கிறது. உள்ளே டெலிவிஷன் பேசிக்கொண்டிருக்கிறது. அதனிடம் நாம் பதில் பேச முடியுமா?

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். கிழவிகள் நாலு பேரோடு கூடிப் பேச இத்தனை வருஷமாக இடம் கொடுத்தவை, அதற்கென்று ஏற்பட்டவையே அல்ல. நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க் கரை ஒன்று. ரேஷன் கடை வரிசை இன்னொன்று. மண் சுமந்தது கொஞ்சம்தான். வேப்ப மரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசியது அதிகம். இதைக் குற்றமாகச் சொன்ன பட்டணத்துக்காரர்கள் உண்டு. எனக்கென்னவோ, கொடுத்த கூலியில் பாதி அந்தப் பேச்சுக்கே தகும் என்று தோன்றுகிறது. ரேஷன் சமாசாரமும் அப்படியே. 2025 ஆகஸ்ட் 12-ந் தேதி சர்க்கார் 'தாயுமானவர்' என்ற திட்டத்தைத் தொடங்கி, எழுபது வயது தாண்டியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் அரிசி பருப்பை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தர ஏற்பாடு செய்தது. கால் வலிக்கு இது பெரிய புண்ணியம், சந்தேகமில்லை. ஆனால் மாதத்தில் ஒரு நாள் வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு, பை எடுத்துக்கொண்டு வெளியே போய்வர இருந்த காரணமும் அதோடு போயிற்று.

ஆகவே அந்தக் கிராமத்தில் சாயங்காலம் ஆறரை மணி வரையில் இருந்து பாருங்கள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் விளக்கு எரிகிறது. பிளஸ் டூ முடித்த ஒரு பெண், இருபது வயதுக்குள்தான் இருக்கும், கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒருத்தி கைத்தடியோடு, ஒருத்தி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி மடியில் வெற்றிலைப் பையோடு. 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' என்று 2022-ல் தொடங்கிய வகுப்பு இது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். சொல்லிக் கொடுப்பவருக்குச் சம்பளம் இல்லை. 'தன்னார்வலர்' என்ற பட்டம் மட்டும் உண்டு. பாடம் மொத்தம் இருநூறு மணி நேரம். முடிவில் ஒரு பரீட்சை: வாசிப்புக்கு ஐம்பது, எழுத்துக்கு ஐம்பது, கணக்குக்கு ஐம்பது, ஆக நூற்றைம்பது மார்க்கு.

"அப்பத்தா, நேத்து ஏன் வரல?"

"முழங்கால் புடிச்சுக்கிச்சு தாயி. நீதான் ஆள் விட்டியே, அந்தத் தைலம் நல்லாத்தான் இருக்கு."

கவனித்தீர்களா? வராதவள் வீட்டுக்கு ஆள் போயிருக்கிறது. திட்டப் புத்தகத்தில் இதெல்லாம் எழுதியிருக்காது. முதல் கால் மணி நேரம் பாடமே நடப்பதில்லை. யாருக்கு ஜுரம், யார் மகன் போன் செய்யவில்லை, பென்ஷன் வந்துவிட்டதா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள் என்ற விசாரணை. அந்தப் பெண் மாத்திரை அட்டையை வாங்கி, காலையில் எது, ராத்திரி எது என்று சூரியனும் பிறையும் படம் போட்டுக் கொடுக்கிறாள். வீட்டுக்கு வந்து ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து இருக்கிறது. ஆனால் வந்த மாத்திரையைச் சாப்பிட்டார்களா என்று மறுநாள் கேட்பதற்கு ஒருவர் வேண்டுமே!

பிறகுதான் அட்சரம். பாதிப் பேருக்குக் கண் மங்கல், ஆகையால் எழுத்துக்கள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்குப் போடவேண்டும். கணக்குப் பாடம் வந்தால் மட்டும் ஆசிரியை கொஞ்சம் அடக்கமாக நடந்துகொள்கிறாள். மூன்று முழம் பூ இவ்வளவு என்றால் ஏழு முழம் எவ்வளவு என்று கேட்டு வாய் மூடுவதற்குள் விடை வந்துவிடுகிறது. எழுதத்தான் தெரியாது; ஏமாற்ற முடியாது! பாடம் முடிந்ததும் வராந்தாவிலேயே சாக்பீஸால் கோடு கிழித்துத் தாயம் ஆடுகிறார்கள். வெள்ளிக்கிழமையானால் ஒரு கும்மி. எழுபது வயதில் கும்மி அடிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. கை தட்டும் ஓசையில் ஒரு பிசகு இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி மட்டும் எழுதாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மற்றவர்கள் எழுதுவதைத் திருத்திக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத்தான் படிக்கத் தெரிகிறதே, பாட்டி?" என்றேன்.

"நான் அறிவொளியில படிச்சவ" என்றாள். எம்.ஏ. பாஸ் செய்தவர்கள்கூட அவ்வளவு மிடுக்காகச் சொல்ல மாட்டார்கள்.

உங்களில் வயதில் இளையவர்களுக்கு அறிவொளி என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லா 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகம் தமிழ்நாட்டுக்கும் தொற்றிக்கொண்டு, 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் அப்போது கலெக்டர். ஊர் ஊராகத் தொண்டர்கள் கிளம்பினார்கள். பாட்டுப் பாடி, வீதி நாடகம் போட்டு ஜனங்களைக் கூட்டினார்கள். ராத்திரி தெரு விளக்கடியிலும் கோயில் மண்டபத்திலும் வகுப்பு. யாருக்கும் சம்பளம் இல்லை.

அதோடு சைக்கிளும் வந்தது! எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெண் தொண்டர்கள் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், பஸ் கிடையாது. கல் குவாரியில் உடைக்கிறவளும், கிராம நர்ஸும், பாலவாடி அம்மாவும், பூ விற்கிறவளும் எத்தனை மைல் நடப்பது? எனவே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் இயக்கத்தின் பாடமாகவே சேர்த்துவிட்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. சளைத்தார்களா? ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். நடுவில் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே என்று அதிலும் ஒரு சௌகரியம் கண்டுபிடித்தார்கள். கேலி செய்யாத ஆண் பிள்ளை இல்லை. 1992-ல் உலக மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள், ஹாண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். இயக்கம் நடத்திய போட்டிகளிலும் கண்காட்சிகளிலுமாக எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகள் ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகம் அறியச் செய்தார்.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு அன்று முப்பத்தைந்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1957-ல் பிறந்தவள். இன்று எழுபதை நெருங்குகிறாள். அன்று பாரில் உட்கார்ந்திருந்த குழந்தை இன்று துபாயில்.

கை நாட்டு வைப்பதை விட்டுக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதுதான் அவர்களுக்கு அன்று பெரிய பெருமை. விரலில் மை தடவிக்கொள்ளாமல் பாங்கியில் பேனா பிடித்ததைப் பாட்டி இன்றும் நடித்துக் காட்டுகிறாள். 2020 முதல் ரேஷன் கடையில் ஒரு யந்திரம் வந்தது. அது கையெழுத்தை ஒப்புக்கொள்ளாது. அப்போது விரல் ரேகைதான் வேண்டியிருந்தது. பாட்டியின் விரலிலோ களை பறித்துப் பறித்து ரேகை தேய்ந்துவிட்டது. கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்து, யந்திரம் ஒவ்வொன்றையும் மறுத்து, கடைசியில் வேறொருவரை நியமிக்க மனு எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. மனுவைத் தானே எழுதிவிட்டாள், அதுவரையில் அறிவொளி காப்பாற்றியது.

இந்த மாதிரி சாயங்கால வகுப்புகளைப் பற்றி நான் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இருநூறு மணி நேரம் முடிந்து, பரீட்சை எழுதித் தேறிவிட்டால் வகுப்பும் முடிந்தது. 'எழுத்தறிவு பெற்றவர்' என்ற சான்றிதழோடு அப்பத்தாவை வீட்டுக்கு, அந்த இரும்பு கேட்டுக்குள், அனுப்பிவிடலாம். இது தெரிந்துதானோ என்னவோ, அந்த வராந்தாவில் சிலருக்குத் தேறுவதில் அவ்வளவு அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. 'ழ' எழுத வரவில்லை, 'ற' மறந்துபோச்சு என்று வாரா வாரம் ஏதாவது சொல்கிறார்கள். ஆசிரியைக்கும் அது புரிகிறது. சர்க்கார் கணக்கில் இவர்கள் மந்தமான மாணவர்கள். என்னைக் கேட்டால், அந்த ஊரிலேயே கெட்டிக்காரிகள் இவர்கள்தான்.

மற்ற இடங்களில் இதற்கு என்ன வழி செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். கேரளத்தில் கோழிக்கோட்டு டாக்டர்கள் சிலர் 1993-ல், தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டாக்டர்கள் மட்டும் எத்தனை வீட்டுக்குப் போவார்கள்? பிற்பாடு மலப்புறம் ஜில்லாவில் அதை ஊர் ஜனங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மாணவர்களும், வீட்டுப் பெண்களும், கடைக்காரர்களும் பயிற்சி பெற்று, படுக்கையில் இருக்கும் கிழவர் கிழவிகளை வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறார்கள். மருந்து டாக்டர் பொறுப்பு. பக்கத்தில் உட்காருவது ஊரார் பொறுப்பு. அதற்குப் பரீட்சையும் இல்லை, முடிவு தேதியும் இல்லை. நம்மிடமும் சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் ஹெல்ப்ஏஜ் இந்தியா ஸ்தாபனம் முதியவர்களுக்கென்றே சுய உதவிக் குழுக்கள் அமைத்தது. கூட்டம், சிறு சேமிப்பு என்று அவை நடந்தன. மாதிரி இல்லாமல் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரத்தில் டிக்ஸன் சிபாண்டா என்று ஒரு மனநோய் டாக்டர். மனம் ஒடிந்தவர்கள் ஏராளம்; நாட்டில் அந்த வைத்தியம் படித்தவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். 2006-ல் அவர் பதினான்கு பாட்டிமாரைக் கூட்டி வைத்து, ஆறுதல் சொல்லும் முறையைப் பழக்கி, ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு மர பெஞ்சு போட்டு உட்காரச் சொன்னார். 'மனநல பெஞ்சு' என்று முதலில் பெயர் வைத்தார். ஒரு பிராணியும் கிட்டே வரவில்லை. "பெயரை மாற்று ஐயா, யார் வருவார்கள்?" என்கிற பாவனையில் பாட்டிகளே யோசனை சொல்ல, அது 'சிநேக பெஞ்சு' ஆயிற்று. கூட்டம் வரத் தொடங்கியது. 2016-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்று, அந்தப் பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வு வெகுவாகக் குறைந்தது என்ற ஆராய்ச்சியை வெளியிட்டது. நாம் கிழவிகளுக்கு யார் துணை என்று தேடுகிறோம். அங்கே கிழவிகள் ஊருக்கே துணையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் பெஞ்சுகூட வாங்க வேண்டாம், வராந்தா இருக்கிறது.

கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், அந்தக் கிராமத்திலும் அதுதான் நடக்கிறது. தாயம் ஆடும்போது, புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து ஓரமாக உட்காருகிறாள். குழந்தை ராத்திரி தூங்குவதில்லையாம். மூன்று பாட்டிகள் மூன்று வைத்தியம் சொல்லி, நாலாவது பாட்டி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். அது தூங்கியே விட்டது.

பட்டணத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் சகோதரிகளில் பலருக்கும் இந்த மாதிரி ஓர் ஊரில் மாமியாரோ, தாயாரோ, அத்தையோ இருப்பார்கள். மணியார்டர் காலம் போய் இப்போது நிமிஷத்தில் பணம் அனுப்புகிறோம். அடுத்த முறை பேசும்போது "சாப்பிட்டீர்களா?" என்பதோடு, "இன்று சாயங்காலம் எங்கே போனீர்கள்?" என்றும் கேட்டுப் பாருங்கள். "எங்கேயும் போகவில்லை" என்று பதில் வந்தால், அந்த ஊரில் பிளஸ் டூ முடித்த பெண் எவளாவது இருக்கிறாளா என்று விசாரியுங்கள். ஒரு கரும்பலகை, ஒரு விளக்கு, ஒரு தாயக்கட்டை, செலவு அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயில் காலத்தைத் தவிர்த்துத் தையிலோ மாசியிலோ போங்கள். கையில் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி வாங்கிக்கொள்ளுங்கள். வராந்தாவுக்கு வருகிறவர்கள் யாரும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை. கடைசி டவுன் பஸ் எப்போது என்பதை முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது உத்தமம். ஏனென்றால் அவர்கள் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு எழுந்திருக்க மனம் வராது.

நான் போயிருந்த சமயம் அங்கே ஒரு பெரிய பிரச்னை ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியைக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. சம்பளமில்லாத வேலைக்கு வேறு பெண்ணைத் தேடுவது சுலபமல்ல. பாடத்தை நடுவில் நிறுத்தினால் பரீட்சை என்ன ஆவது என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சையைப் பற்றி அங்கே வேறு யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அறிவொளிப் பாட்டிதான் சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போ தாயி. எனக்குச் சொல்லிக்குடுத்தவளும் கல்யாணமாயித்தான் போனா" என்றாள்.

சாவி அவள் வீட்டில் இருப்பதில் எல்லாருக்கும் சம்மதம். சாக்பீஸ் டப்பாவையும் அவளிடமே விடுவதா, அல்லது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியான கைத்தடிப் பாட்டியிடம் வைப்பதா என்பதில்தான், நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற வரையில் தகராறு தீரவில்லை.